திருகின் மேல் ஒரு துளி நகச்சாயம்

ஜனவரி 20, செவ்வாய்: அதிகாலையில், உறக்கத்திலேயே, என் மனைவி காலமானார். இதயம் நின்றதே காரணம் என்று மருத்துவர் எழுதினார். படத்தின் முன் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது.

ஜனவரி 21, புதன்: பத்து லஞ்சாங் மயானத்தில் தகனம்.

ஜனவரி 22, வியாழன்: அஸ்தி கடலில் கரைக்கப்பட்டது.

ஜனவரி 24, சனி: எண்ணெய் விளக்குக்குப் பதிலாக அவர் பயன்படுத்திய மேசை விளக்கு வைக்கப்பட்டது.

ஜனவரி 31, சனி: தைப்பூச இரதம் புறப்பட்ட நாள். மேசை விளக்கு பழுதடைந்தது; அன்றே சரிசெய்யப்பட்டது.

பிப்ரவரி 4, புதன்: பதினாறாம் நாள் காரியம். விளக்கு அணைக்கப்பட்டது.

நிகழ்ந்தவை இவ்வளவே. மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓர் அறிக்கையில் நிகழ்ந்ததை முதலில் எழுதிவிட வேண்டும், அதைப் பற்றி நினைத்ததைப் பிறகு எழுதலாம் என்று மாணவர்களிடம் சொல்லி வந்த பழக்கம் இன்னும் போகவில்லை. இனி வருவது இரண்டாவது பகுதி.

அந்த மேசை விளக்கு கடையில் வாங்கியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய விழித்திரையின் நடுப்பகுதி தேயத் தொடங்கியது. படிக்க அதிக வெளிச்சம் வேண்டியிருந்தது. ஆனால் அதிக வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. கடைகளில் கிடைத்த, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விளக்குகள் மூன்றை வாங்கிப் பார்த்தோம். அவ்வகை விளக்குகளில் பல, ஒளியைக் குறைப்பதற்காக அதை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றுகின்றன. பெரும்பாலோருக்கு அது தெரிவதில்லை. அவளுக்கு அது தலைவலியாகத் தெரிந்தது. மூன்றையும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, நானே ஒன்றைச் செய்வதென்று முடிவு செய்தேன்.

விளக்கில் ஒளி தரும் எல்.இ.டி. மணிக்குச் சீரான மின்னோட்டம் தேவை. ஓட்டம் சற்றுக் கூடினாலும் மணி சூடாகி ஆயுளை இழந்துவிடும். அந்த ஓட்டத்தை ஓர் அளவில் நிறுத்தி வைப்பதுதான் டிரைவர் பலகையின் வேலை. தீப்பெட்டியை விடச் சிறிய பலகை அது. ஓரத்தில் ஒரு நுண்ணிய பித்தளைத் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் மின்னோட்டம் கூடும், குறையும். நான் வாங்கிய பலகையின் வெளிவாயில் ஒரு பெரிய மின்தேக்கியையும் சேர்த்துப் பற்றவைத்தேன். ஒளியில் மிச்சமிருக்கும் நுண்ணிய துடிப்பைக்கூட அது விழுங்கிவிடும். அவளுடைய கண்ணுக்காகச் சேர்த்தது. இந்த மின்தேக்கியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதை முதன்முதலாக இயக்கியது எங்கள் சாப்பாட்டு மேசையில். மாலை நேரம். அவள் செய்தித்தாளை விரித்து, தவுகே எனும் பயற்றுமுளையின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். சந்தையில் வாங்கிய தவுகேயின் ஒவ்வொரு முளையிலும் அந்த மெல்லிய வேரைக் கிள்ளி எறியாமல் அவள் சமைத்ததில்லை. கண் மங்கிய பின்னும் அதை விடவில்லை. விளக்கை அந்த வேலைக்கே சரிபார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம்.

நான் என் முறைப்படி தொடங்கினேன். வீட்டு மின்சாரம் மூடிய அடாப்டருக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். அதிலிருந்து வரும் குறைந்த மின்னழுத்தம் மட்டுமே மேசைக்கு வரலாம். அடாப்டர் கம்பியில் நேர்முனை எது, எதிர்முனை எது என்று மீட்டரால் அளந்தேன். மூன்று மணிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினியத் தகட்டில் பொருத்தினேன். பலகையின் திருகை அடிமட்டத்துக்குத் திருப்பினேன். மணிகளைப் பலகையோடு இணைத்தேன். இவ்வளவுக்கும் பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

"ஒரு லைட் போடறதுக்கு இவ்வளவு சடங்கா?" என்றாள். "நம்ம கல்யாணத்துல ஐயர் கூட இதவிட சீக்கிரம் முடிச்சாரு."

இணைப்பு முதலில், மின்சாரம் பிறகு. நிறுத்தும்போது மின்சாரம் முதலில், இணைப்பு பிறகு. வகுப்பில் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். அவள் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். பாடம் கேட்கும் மாணவியைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினாள். பிறகு மீண்டும் தவுகேயை எடுத்தாள்.

திருகை மெல்லத் திருப்பினேன். மணிகள் விழித்தன. செய்தித்தாளின் எழுத்துகள் தெரிந்தன. பிறகு ஒவ்வொரு முளையின் வாலும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

"போதும்லா. ஆப்பரேஷன் தியேட்டரா இது?"

சற்றுக் குறைத்தேன். அவள் ஒரு முளையை விளக்கின் கீழே பிடித்து, திருப்பிப் பார்த்து, வாலைக் கிள்ளினாள். "ஆ. இதுதான்" என்றாள். மீட்டர் இருநூற்றெண்பது மில்லி ஆம்பியர் காட்டியது. நான் கணக்கிட்டு வைத்திருந்தது முந்நூற்றைம்பது. இரவில் படிக்கும்போது அவ்வளவு தேவைப்படும் என்று எடுத்துச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். மகளின் திருமணத்துக்கு வாங்கிய நகச்சாயப் புட்டியோடு திரும்பி வந்து, அந்தப் பித்தளைத் திருகின் தலையில் ஒரு துளி வைத்தாள். கருஞ்சிவப்பு.

"இனிமே நீங்க நோண்டக் கூடாது."

தொழிற்சாலைகளிலும் அளவைச் சரிசெய்து முடித்த திருகின் மேல் இப்படித்தான் ஒரு துளி அரக்கு வைப்பார்கள், யாரும் தெரியாமல் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக, என்று அவளிடம் சொன்னேன். "அப்போ பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில எனக்கும் வேலை கொடுப்பாங்கலா" என்றாள். கடைசி வரை அந்தத் திருகு திரும்பவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் அவள் படித்தாள், பொத்தான் தைத்தாள், நெத்திலி ஆய்ந்தாள்.

இனி அவளுடைய அக்காவைப் பற்றி. நிபோங் திபாலில் தனியாக வாழ்பவர், என்னைவிட மூத்தவர், என்னைத் தம்பி என்றே அழைப்பார். செய்தி போன காலையிலேயே துணிப்பையோடு வந்து சேர்ந்து, விளக்கின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பதினாறாம் நாள் வரை படத்தின் முன் விளக்கு அணையக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்தின் உறுதியான வழக்கம். கூடத்தில் காற்றாடி போடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வெக்கையில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டார்கள். அக்கா இரவிலும் எழுந்து எழுந்து எண்ணெய் விட்டார். அவருடைய முழங்கால் அதற்கு இசையவில்லை.

பத்து காவானில் வசிக்கும் என் மகள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்: அம்மாவின் மேசை விளக்கைப் படத்தின் முன் வைத்துவிட்டால் என்ன? அக்கா எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிட்டு, "அவ லைட்டுதானே. அவளுக்குப் பழகின வெளிச்சம்" என்றார். ஒரு நிபந்தனையும் விதித்தார்: எண்ணெய் விளக்குக்கு உள்ளதெல்லாம் இதற்கும் உண்டு. எரியும் திரியின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேசை விளக்கின் சுவிட்சைப் போட்டார். சுவரிலிருந்த அந்தச் சுவிட்சின் மேல், யாரும் மறதியாகத் தொட்டுவிடாதபடி, ஒட்டுநாடாவை இரண்டு வரிசை ஒட்டினார். அதன் பிறகே எண்ணெய் விளக்கு தானாக எரிந்து முடிய விடப்பட்டது. காற்றாடி சுழன்றது.

இரதம் புறப்பட்ட சனிக்கிழமை. எங்கள் அடுக்குமாடி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. மற்ற ஆண்டுகளில் தேங்காய்களோடு விடியலிலேயே அவள் கீழே போய் நிற்பாள். இந்த ஆண்டு எங்களுக்குத் தீட்டு. சாலையில் தேங்காய்கள் உடைபடும் ஓசை மேலே வரை கேட்டது. அது எனக்குக் கேட்காத பின்னறைக்குப் போய்விட்டேன். வார இறுதிக்கு வந்திருந்த மகள், சாலைகளை அடைத்துவிட்டதால் எங்கும் போக முடியாமல் சமையலறையில் இருந்தாள். கூடத்தில் அக்கா மட்டும்.

முந்தைய நாள், சட்டம் போட்ட பெரிய படம் வந்திருந்தது. அதை வைத்தால் விளக்கின் தலை மறைந்தது. தலையைப் படத்தின் மேலே கொண்டுவர, கம்பியைச் சட்டத்தின் பின்புறமாக நுழைக்க வேண்டும். பலகை இருந்த சிறு பெட்டிக்கும் விளக்கின் தலைக்கும் நடுவே ஒரு செருகி இருந்தது. சுவிட்சை அணைப்பது என்ற எண்ணமே அக்காவுக்கு எழ முடியாது. எனவே அந்தச் செருகியைக் கழற்றினார், கம்பியைப் பின்னால் விட்டு எடுத்தார், திரும்பச் செருகினார். ஏற்றிய விளக்கை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கையால் மறைத்து எடுத்துச் செல்வதைப் போல, வெளிச்சம் சற்று மறைந்து மீண்டும் வரும் என்பதே அவர் கணக்கு.

மணிகள் கழன்ற பலகை, ஓட்டத்துக்கு வழி தேடித் தன் மின்னழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும். வெளிவாயிலிருக்கும் மின்தேக்கி அந்த உச்சம் வரை நிரம்பி நிற்கும். செருகி மீண்டும் பட்ட கணத்தில், நிரம்பியிருந்தது முழுவதும் மணிகளின் வழியே பாயும். அவள் கண்ணுக்காக நான் சேர்த்த மின்தேக்கி அது. அவளுடைய விளக்கு அணையக் கூடாதென்று அக்கா தொடாமல் விட்ட சுவிட்ச் அது. இரண்டிலும் பிழை இல்லை.

கூடத்தில் அக்கா நடமாடும் ஓசை நின்றுபோனதால் நான் வந்து பார்த்தேன். அக்கா செருகியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு வெள்ளை மின்னல் அடித்ததாகவும் பிறகு இருட்டு என்றும் சொன்னார்.

"சுவிட்ச நான் தொடல, தம்பி. டேப் அப்படியே இருக்கு, பாருங்க."

பார்த்தேன். அப்படியே இருந்தது.

மகள் வந்தாள். அவள் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். நடந்ததை விளக்க வேண்டியிருக்கவில்லை. "விடுங்கப்பா. புதுசு ஒண்ணு ஆர்டர் போட்டா நாளன்னிக்கு வந்துரும்லா" என்றாள். பெரியம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். அக்கா உட்காரவில்லை. எண்ணெய் விளக்கைத் தேடி எடுத்து, திரி போட்டு, எண்ணெய் விட்டு, தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு விளக்குலேருந்துதான் இன்னொன்ன ஏத்தணும்" என்றார். "இதுலேருந்து எத ஏத்துறது?"

கடைசியில் குச்சியை உரசி ஏற்றினார். காற்றாடியை மகள் நிறுத்தினாள்.

எனக்கு அப்போது இரண்டு செய்திகள் தெளிவாக இருந்தன. அக்கா நிபோங் திபாலுக்குத் திரும்பிப் போகும்போது, தங்கையின் விளக்கைத் தன் கையால் அணைத்ததாக எண்ணிக்கொண்டு போகக் கூடாது. அதற்கு அந்த விளக்கே, அந்த வெளிச்சத்திலேயே, மீண்டும் எரிய வேண்டும். புதியது உதவாது. இதை நான் மகளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

சுவிட்சைத் தொடாமல், அடாப்டரின் மறுமுனையைப் பலகையிலிருந்து கழற்றினேன். பலகைக்கு மின்சாரம் நிற்க அது போதும். சுவரில் அடாப்டரின் சிறிய பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. விளக்கைப் பின்னறை மேசைக்குக் கொண்டு சென்றேன். மின்தேக்கியில் மிச்சமிருப்பதை ஒரு மின்தடையின் வழியே வடியவிட்டு, மீட்டர் பூச்சியத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். பிறகே பெட்டியைத் திறந்தேன்.

கருஞ்சிவப்புத் துளி திருகின் மேல் இருந்தது. ஓரம் மட்டும் சற்றே உரிந்திருந்தது.

அடிபட்ட பலகையை மீண்டும் மணிகளோடு இணைக்கும் முன் திருகை அடிமட்டத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது முறை. பலகை பழுதாகி அளவுக்கு மீறி ஓட்டம் தந்தால் எஞ்சிய மணிகளும் போய்விடும். எந்த மாணவராவது திருப்பாமல் இணைத்திருந்தால் நான் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே அனுப்பியிருப்பேன். திருப்பினால் அந்தத் துளி உடையும். இருநூற்றெண்பது என்ற எண் எனக்குத் தெரியும். மீட்டரைப் பார்த்து மீண்டும் அங்கேயே வைத்துவிடலாம். ஆனால் அது நான் வைத்ததாக இருக்கும். சிறிய திருப்புளியைக் கையில் எடுத்தவன் மீண்டும் கீழே வைத்தேன்.

முறையை மீறவும் எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி ஒன்று இருந்தது. மணிகளுக்குப் பதிலாக, சூட்டைத் தாங்கும் வெள்ளைச் சதுர மின்தடை ஒன்றைப் பலகையோடு இணைத்தேன், நடுவே மீட்டர். பழைய சோதனை மின்வழங்கியில் ஓட்டத்துக்கு எல்லை வைத்துவிட்டு, மின்சாரம் கொடுத்தேன். பலகை கெட்டிருந்தால் மின்தடைதான் சூடாகும், வேறொன்றும் போகாது.

மீட்டரின் எண்கள் சற்று அலைந்து நின்றன. இருநூற்றெண்பது.

அவள் போதும் என்று சொன்ன இடத்தில் பலகை அப்படியே நின்றிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் படித்தேன். எண் மாறவில்லை. பல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான அளவுகளைப் படித்திருக்கிறேன். ஓர் அளவைப் படித்த பிறகு எழுந்து சன்னலருகே போய் நிற்க வேண்டியிருந்தது அன்று மட்டும்தான்.

மணிகளைத் தனித்தனியே சோதித்தேன். இரண்டு மெல்ல ஒளிர்ந்தன. மூன்றாவது இறந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருந்ததால் அந்த ஒன்று எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டது. மாற்று மணி கையில் இல்லை. இருந்தாலும் அதே மஞ்சள் சாயல் கிடைத்திருக்காது. இறந்த மணியின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். அலுமினியத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டதால் ஈயம் எளிதில் உருகவில்லை. மகள் வந்து தகட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்துக்குத் திரும்பி, தலையைப் பலகையோடு முதலில் இணைத்தேன். கடைசியாக அடாப்டர் முனையைச் செருகினேன். வெளிச்சம் வந்தது. அக்கா நெருங்கி வந்து விளக்கின் தலைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு எரியல."

"அது போயிருச்சு, அக்கா."

"அதனால மத்த ரெண்டும் கொறைஞ்சு எரியுமா?"

"இல்ல. ஒவ்வொண்ணும் முன்ன எப்படி எரிஞ்சதோ அப்படியேதான். அவ வச்ச அளவு மாறல."

அவர் அடுத்துக் கேட்கப் போவது எனக்குத் தெரிந்திருந்தது. மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், சமையலறைக்குப் போய்விட்டாள்.

"உண்மைய சொல்லுங்க, தம்பி. நான் அணைச்சிட்டேனா?"

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. அவருக்கும் அது தெரியும், அதனால்தான் என்னிடம் கேட்டார். சுவரைக் காட்டினேன். நாடா ஒட்டிய சுவிட்சும், அதன் கீழே அடாப்டரின் பச்சைப் புள்ளியும்.

"சுவிட்ச் போட்டபடியேதான் இருந்துச்சு, அக்கா. நான் வேலை செய்யறப்பவும் அணைக்கல. அந்தப் பச்ச லைட்டு ஒரு தடவ கூட போகல."

அவர் அந்தப் புள்ளியை வெகு நேரம் பார்த்தார். பிறகு போய்த் தண்ணீர் குடித்தார். காலையிலிருந்து குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய் விளக்கையும் அணைக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்றார். மாலையில் இரதம் எங்கள் தெருமுனையைக் கடந்தபோது மூவரும் சன்னலைத் திறக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். காற்றாடி இல்லை. வியர்த்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, எண்ணெய் விளக்கை அக்கா ஒரு பூவால் குளிரவைத்தார். மேசை விளக்கை நான்தான் அணைக்க வேண்டும் என்றார். நாடாவை அவரே நகத்தால் நெம்பி உரித்தார்.

நிறுத்தும்போது மின்சாரம் முதலில். சுவிட்சை அணைத்தேன்.

வெளிச்சம் இறங்கியது, ஆனால் ஒரேயடியாகப் போகவில்லை. பச்சைப் புள்ளி மங்கி மறைந்த பிறகும், மணிகள் இரண்டும் மங்கலான மஞ்சள் பொட்டுகளாக நின்றன. மின்தேக்கியில் எஞ்சியிருப்பது வடியும்வரை அப்படித்தான் நிற்கும். அவள் இருந்தவரை ஒவ்வோர் இரவும் நிகழ்ந்திருக்க வேண்டியது அது. அவள் விளக்கை அணைக்கும் நேரத்தில் நான் ஒருநாளும் அந்தப் பக்கம் பார்த்திருக்கவில்லை.

"போலாமா வேணாமான்னு நிக்குது" என்றார் அக்கா.

நான் காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டு பொட்டுகளும் போன பிறகும் செருகியைக் கழற்றாமல் சற்று நேரம் காத்திருந்தேன். அது முறை.

செய்யாமல் இருப்பவை:

உரிந்துகொண்டிருக்கும் நகச்சாயத்தின் மேல் இன்னொரு பூச்சு. புட்டியிலிருப்பது காய்ந்துவிட்டது.

இறந்த மணியை மாற்றுவது.

பத்து காவானுக்கே வந்துவிடும்படி மகள் கேட்டதற்குப் பதில்.

அவளுடைய மூக்குக்கண்ணாடிகளைக் கண் மருத்துவமனையின் சேகரிப்புப் பெட்டியில் போடுவது.

அக்காவுக்குத் தொலைபேசி.

செருகியைக் கழற்றுவது.